சேரும்போது அறுபது பேர், ஆறு மாதத்தில் பத்துப் பேர்: மாணவத் தன்னார்வலர்கள் ஏன் நிற்பதில்லை?

கல்லூரித் தன்னார்வலர் குழு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது. ஆண்டு தொடங்கும்போது அறுபது பேர் ஆர்வமாகச் சேர்கிறார்கள், ஆறாவது மாதத்தில் பத்துப் பேர்தான் மிஞ்சுகிறார்கள். சான்றிதழ் தருகிறோம், டீஷர்ட் தருகிறோம், விழாவில் மேடையேற்றிப் பாராட்டுகிறோம். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தால் எல்லாரும் "மிகவும் திருப்தி" என்றே எழுதித் தருகிறார்கள். பிறகு ஏன் வருவதில்லை, இன்னும் என்னதான் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. மாணவர்களுக்குத் தொண்டில் திருப்தி எதிலிருந்து வருகிறது என்பது ஒன்று. அவர்களைத் திரும்பத் திரும்ப வரவைப்பது எது என்பது இன்னொன்று. நீங்கள் முதல் கேள்விக்கான விடையை வைத்து இரண்டாவதைத் தீர்க்கப் பார்க்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நான் படித்தது சமூகப்பணி. பல ஆண்டுகளாக மாணவக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்களைக் களப்பணியில் நிறுத்துவதும்தான் என் வேலை. ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதையும், ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாததையும், வெறும் அனுபவத்தில் நான் நம்புவதையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கருத்துப் படிவம். நிகழ்ச்சி முடிந்த கையோடு கொடுக்கிற படிவம் அந்த ஒரு நாளைத்தான் அளக்கிறது. நண்பர்களோடு போனோம், நல்ல காரியம் செய்தோம், களைப்பும் மனநிறைவும் சேர்ந்து இருக்கிறது. அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் திருப்தி என்றுதான் சொல்வார்கள், பொய்யாகவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருக்கும்போது எழுந்து கிளம்பிப் போவாரா என்பதற்கு அந்தப் பதில் எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை. இன்னொன்றும் உண்டு: படிவத்தை நிரப்புகிறவர்கள் அன்றைக்கு வந்தவர்கள். வராமல் போனவர்கள் எதையும் நிரப்புவதில்லை. மாதங்கள் போகப் போக உங்கள் படிவத்தில் திருப்தி கூடிக்கொண்டே போகும், ஏனென்றால் திருப்தி இல்லாதவர்கள் ஒவ்வொருவராகக் கணக்கிலிருந்து விலகிவிடுகிறார்கள்.

திருப்திக்கும் நீடிப்பதற்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிய தன்னார்வலர்களை இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்து ஓமோட்டோவும் ஸ்னைடரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், திருப்தி கூடுதலாக இருந்தவர்கள் நீண்ட காலம் பணியில் இருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்களின் முதல் ஓராண்டைப் பார்த்த டேவிஸ், ஹால், மேயர் ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில் படம் வேறாக இருந்தது. அங்கே திருப்தி, எவ்வளவு ஈடுபாட்டோடு வேலை செய்தார்கள் என்பதோடு தொடர்பு காட்டியது, எவ்வளவு காலம் தொடர்ந்தார்கள் என்பதோடு காட்டவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பொருந்திவருவது ஸ்பெயினைச் சேர்ந்த சாகோன், வெசினா, டாவிலா ஆகியோர் 2007இல் முன்வைத்த படிநிலை விளக்கம். தொடக்க காலத்தில் ஒருவரைத் தொடரவைப்பது திருப்தி. சில காலம் கழித்து அந்த அமைப்பின் மீதான பற்று. அதற்கும் பிறகு, 'நான் தொண்டு செய்கிற ஆள்' என்று தன்னைப் பற்றி அவர் கொண்டிருக்கும் எண்ணம். உங்கள் குழு முதல் படியை நன்றாகக் கட்டியிருக்கிறது, அதற்கு மேல் ஏறுவதற்குப் படி இல்லை என்பது என் ஊகம்.

சரி, அந்த முதல் படியையே கொஞ்சம் பார்த்துவிடலாம். மாணவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதற்கு இந்தத் துறையில் அதிகம் பயன்படும் விளக்கம் கிளாரி, ஸ்னைடர் முதலானோர் 1998இல் வெளியிட்டது. தொண்டு ஒருவருக்கு ஆறு விதமாகப் பயன்படுகிறது என்றார்கள். தான் மதிக்கும் கொள்கைப்படி நடப்பது, புதிதாக ஒன்றைக் கற்பது, நண்பர்களோடும் தனக்கு வேண்டியவர்களோடும் சேர்ந்திருப்பது, வேலைவாய்ப்புக்கு உதவுவது, குற்றவுணர்விலிருந்தோ சொந்தக் கவலைகளிலிருந்தோ விடுபடுவது, தன்னைப் பற்றித் தனக்கே நல்ல எண்ணம் வளர்வது. இதை அளக்க முப்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஏழு புள்ளி அளவுகோல். அவர்கள் கண்ட முக்கியமான விஷயம், எந்தக் காரணம் உயர்ந்தது என்பது கிடையாது. எதைத் தேடி வந்தாரோ அது கிடைத்தவருக்குத்தான் திருப்தியும், தொடர வேண்டும் என்ற எண்ணமும் அதிகமாக இருந்தன.

இது கேட்க எளிது, நடைமுறையில் பெரும்பாலான குழுக்கள் இதைச் செய்வதே இல்லை. கணக்கு வழக்கு கற்றுக்கொள்ளலாம் என்று வந்த வணிகவியல் மாணவனைச் சுவரொட்டி ஒட்ட அனுப்புகிறோம். புது ஊரில் நண்பர்கள் கிடைப்பார்களா என்று வந்த விடுதி மாணவியைத் தனியாக உட்கார்ந்து தரவு உள்ளிடச் சொல்கிறோம். இரண்டும் தேவையான வேலைகள்தான், ஆனால் ஆளை மாற்றிப் போட்டிருந்தால் இருவருமே தொடர்ந்திருப்பார்கள். சேரும்போது "ஏன் தொண்டு செய்ய விரும்புகிறாய்?" என்று கூட்டத்தில் வைத்துக் கேட்பதில் பயனில்லை. எல்லாரும் சமூகத்துக்கு ஏதாவது செய்யணும் என்றே சொல்வார்கள், அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? தனியாக உட்காரவைத்து, "ஆறு மாதம் கழித்து உனக்கு இதிலிருந்து என்ன கிடைத்திருந்தால் நல்லது?" என்று கேளுங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். அறுபது பேருக்குப் பத்து மணி நேரம் ஆகும். உங்கள் மூத்த மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் ஆள் சேர்த்துக்கொண்டே இருப்பதைவிட இது குறைந்த வேலை.

வேலைவாய்ப்புக்காக வருகிறவர்களைக் கொஞ்சம் மட்டமாகப் பார்க்கும் பழக்கம் ஆசிரியர்களிடம் இருக்கிறது. 'சான்றிதழுக்காக வந்த கூட்டம்' என்ற பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இது எனக்கு ஒப்பவில்லை. மேலே சொன்ன ஓமோட்டோ, ஸ்னைடர் ஆய்விலேயே அறிவு, தன்வளர்ச்சி, தன்மதிப்பு போன்ற தனக்கான காரணங்களோடு வந்தவர்கள்தான் நீண்ட காலம் நின்றார்கள். கொள்கைக்காக வந்தவர்கள் அப்படி நிற்கவில்லை. பின்னால் வந்த வேறு சில ஆய்வுகளில் இந்த முடிவு அப்படியே கிடைக்கவில்லை, சிலவற்றில் கொள்கைப் பிடிப்பே முன்னால் வந்தது. அதனால் இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால், தன்னலம் கலந்த காரணத்தோடு வருகிறவர் சீக்கிரம் போய்விடுவார் என்று முன்கூட்டியே முடிவு கட்ட ஆதாரம் இல்லை என்பது மட்டும் உறுதி. பெரும்பாலான மாணவர்களிடம் இந்தக் காரணங்கள் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும், வருஷத்துக்குள்ளேயே மாறவும் செய்யும்.

இனி வேலைக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். விட்டுப்போன மாணவர்களோடு பேசிப் பார்த்ததில், சோம்பலும் சுயநலமும் அவ்வளவாகக் காரணமாக வருவதில்லை. வந்த இடத்தில் தனக்கு வேலை இல்லை என்பதுதான் முதல் காரணம். எண்பது பேரை ஓர் இடத்தைச் சுத்தம் செய்யக் கூட்டிப்போவார்கள், இருபது பேருக்குத்தான் கையில் பிடிக்க ஏதாவது இருக்கும். சிறப்பு விருந்தினர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்பார்கள். அவர் வந்ததும் பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். பிறகு அரை மணி நேரம் வேலை நடக்கும். மாணவர்கள் இதை வெளிப்படையாகக் குறை சொல்ல மாட்டார்கள், படிவத்திலும் எழுத மாட்டார்கள். 'நான் இல்லாவிட்டாலும் இது இப்படியேதான் நடந்திருக்கும்' என்று மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அந்த முடிவுக்கு வந்தவரை எந்த டீஷர்ட்டும் திரும்பக் கூட்டிவராது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் குழுவின் ஒவ்வொரு வேலையையும் எடுத்து, இந்த மாணவர் இந்த வாரம் வராவிட்டால் குறிப்பாக யாருக்கு என்ன நின்றுபோகும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் 'ஒன்றும் ஆகாது' என்றால் அந்த வேலைக்கு ஆள் அதிகம், அல்லது வேலையைப் பிரித்த விதம் தவறு. மாலை நேரப் பாட வகுப்பை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு புதுத் தன்னார்வலர் போய்ச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், சொல்லிக்கொடுப்பவரும் எந்த முன்னேற்றத்தையும் பார்க்க மாட்டார். ஒரு மாணவிக்கு இரண்டு பிள்ளைகள் என்று மூன்று மாதத்துக்கு ஒப்படைத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டத் தடுமாறிய பிள்ளை ஒரு பத்தியை வாசிப்பதை அவரே பார்ப்பார். ஒரு வாரம் வராவிட்டால், "போன வாரம் ஏன்க்கா வரல?" என்று அந்தப் பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்விக்கு இருக்கும் பலம் எந்தப் பொறுப்பாளரின் வாட்ஸ்அப் நினைவூட்டலுக்கும் இல்லை.

அனுபவத்தில் தெரிவதுதான் என்றாலும் இதற்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. ஆடம் கிராண்ட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஒரு கள ஆய்வு, பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கிறவர்களைப் பற்றியது. ஒரு பிரிவினர், அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்துப் பேசினார்கள். இன்னொரு பிரிவினர் அவர் எழுதிய கடிதத்தைப் படித்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நேரில் சந்தித்தவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தது. கடிதம் படித்த பிரிவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள், தன்னார்வலர்கள் அல்லர். அதனால் அந்த எண்களை அப்படியே உங்கள் குழுவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் நன்றிக் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும், உதவி பெற்றவரை நேரில் பார்க்கவைப்பதும் ஒன்றல்ல என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. நிதி திரட்டுவது, கணக்கு எழுதுவது, பொருட்களைப் பிரித்துக் கட்டுவது என்று பின்னணி வேலையில் இருக்கிற மாணவர்களைத்தான் நாம் களத்துக்குக் கூட்டிப்போவதே இல்லை. குழுவிலிருந்து முதலில் விலகுகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

வேலை இருந்தால் மட்டும் போதாது, அதைச் செய்யத் தெரிந்திருக்கவும் வேண்டும். டெசி, ரயான் என்ற உளவியலாளர்கள் இருவரின் சுயநிர்ணயக் கோட்பாட்டில் மனிதனுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் மூன்று தேவைகளில் ஒன்று, தன்னால் முடிகிறது என்ற உணர்வு. மற்ற இரண்டு, தானே தேர்ந்தெடுத்துச் செய்கிறோம் என்ற உணர்வும் பிறரோடு பிணைப்பும். முதியோர் இல்லத்துக்கு முதல் முறை போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு, ஒரே கதையை நான்காவது முறையாகச் சொல்லும் பாட்டியிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை என்றால் அவன் ஓரமாக நின்று போனைத்தான் பார்ப்பான். அன்று இரவு அவனுக்கு வருவது குற்றவுணர்வு. அடுத்த முறை வராததற்கு வேறு காரணம் சொல்வான். போவதற்கு முன் அரை மணி நேரப் பயிற்சி, முதல் இரண்டு முறை அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்து அனுப்புவது, இந்த இரண்டும் இருந்தாலே இந்த வகை விலகல் வெகுவாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ், மதிப்பெண், கட்டாயம் இவற்றைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். டெசி 1971இல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய புதிர் சோதனை இந்த விவாதத்தின் தொடக்கம். புதிரை விடுவிக்கப் பணம் பெற்றவர்கள், பணம் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் தாமாகப் புதிரைத் தொடுவது குறைந்தது. அதே ஆய்வில், பணத்துக்குப் பதில் பாராட்டுச் சொல் பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரையும் சிறு பிள்ளைகளிடம் பார்த்தார்கள். வரைந்தால் பரிசுப் பட்டயம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குப் பின்னால் வரையும் ஆசை குறைந்தது. சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தபோது குறையவில்லை. பரிசு எப்போதுமே ஆர்வத்தைக் கெடுக்கும் என்பதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு, நீண்ட விவாதம் நடந்த இடம் அது. எல்லாரும் ஏறக்குறைய ஒப்புக்கொள்வது, முன்கூட்டியே பேரம் போலச் சொல்லப்படும் பொருள் பரிசுக்கும், செய்த வேலையைக் குறிப்பாக எடுத்துச் சொல்லும் பாராட்டுக்கும் வேறுபாடு இருக்கிறது என்பதை.

அதனால் சான்றிதழை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது அவர்களுக்கு உதவும், அதைப் பிடுங்குவது நியாயமில்லை. ஆனால் ஆள் சேர்க்கும்போது அதையே முன்னால் காட்டாதீர்கள். 'சிறப்பாகப் பங்கேற்றார்' என்ற ஒரே வரியை அறுபது பேருக்கும் அச்சடிக்கவும் வேண்டாம். இன்னார், இத்தனை மாதம், இந்தப் பணியை, இப்படிச் செய்தார் என்று ஆளுக்கு நான்கு வரி எழுதிக் கொடுங்கள். நேர்காணலில் அந்த நான்கு வரிக்குத்தான் மதிப்பு. எழுத உட்காரும்போது யாரைப் பற்றி உங்களுக்கு நான்கு வரி வரவில்லை என்பதும் தெரிந்துவிடும். அவருக்கு வேலையே கொடுக்காமல் இருந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

கட்டாயத் தொண்டைப் பற்றிய சான்றுகள் கலவையானவை. ஸ்டூகாஸ், ஸ்னைடர், கிளாரி மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே ஆர்வமுள்ள மாணவர்களைக் கட்டாயம் பெரிதாகப் பாதிக்கவில்லை. வெளியிலிருந்து யாராவது தள்ளினால்தான் செய்வேன் என்ற மனநிலையில் இருந்தவர்களுக்குத்தான், கட்டாயப்படுத்திய பிறகு எதிர்காலத்தில் செய்யும் எண்ணம் இன்னும் குறைந்தது. யாருக்காகக் கட்டாயம் கொண்டுவரப்படுகிறதோ அவர்களிடமே அது திருப்பி அடிக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேரச் சேவை தேவை. அதன் விளைவைப் பார்த்த ஆய்வில் எட்டாம் வகுப்பில் சேவை கூடியது, பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்தது. மணி நேரத்தை முன்னதாகவே முடித்துவிட்டு ஓய்ந்துவிட்டார்கள் என்பது அதற்குப் பொருத்தமான விளக்கம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 40 மணி நேரம் கட்டாயம். அங்கே அந்த விதி வருவதற்கு முன்னும் பின்னும் படித்தவர்களை ஒப்பிட்டதில், கட்டாயம் பிற்காலப் பொதுவாழ்வு ஈடுபாட்டைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. உங்கள் கல்லூரியில் மணிக்கணக்கு கட்டாயம் என்றால், குறைந்தபட்சம் எந்த வேலை, யாரோடு, எந்த நாள் என்பதை மாணவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். கட்டாயத்துக்குள்ளும் தேர்வுரிமை இருந்தால் கசப்பு குறைகிறது, இதை ஸ்டூகாஸ் ஆய்வே காட்டுகிறது.

அப்புறம், குழுவின் அளவு. அறுபது பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவில் யார் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாறு பேர் கொண்ட சிறு அணியில் ஒருவர் இல்லை என்றால் உடனே தெரியும், மாலையே ஒருவர் போன் செய்து என்ன ஆச்சு என்று கேட்பார். அணித்தலைவர் ஒரு சீனியராக இருக்கட்டும், ஆனால் அதிகாரத்துக்காக அலைபவராக இருக்க வேண்டாம். ஜூனியர் மாணவர்கள் விலகுவதற்கு ஒரு சீனியரின் வாய்த்துடுக்கு எத்தனை முறை காரணமாக இருந்திருக்கிறது என்பதைப் பேசிப் பார்த்தால்தான் தெரியும். இதை எழுதித் தர மாட்டார்கள்.

களத்திலிருந்து திரும்பியதும் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசுவதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. படிப்போடு இணைந்த சேவையை அமெரிக்காவில் விரிவாக ஆராய்ந்த ஐலரும் ஜைல்ஸும், மாணவர்கள் அதிலிருந்து எவ்வளவு கற்கிறார்கள் என்பதில் பணியிடத்தின் தரத்துக்கும் இப்படிப்பட்ட கலந்துபேசுதலுக்கும் பெரிய பங்கு இருப்பதைக் காட்டினார்கள். கற்றலுக்கு அது உதவுகிறது என்பது அவர்கள் காட்டியது, மாணவர்களைக் குழுவில் தக்கவைக்கவும் உதவுகிறது என்பது என் நம்பிக்கை. என்ன பார்த்தாய், எது உன்னைச் சங்கடப்படுத்தியது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்ற மூன்று கேள்விகள் போதும். இரண்டாவது கேள்வி முக்கியம். நோயாளிகளையும், கைவிடப்பட்ட முதியவர்களையும், அடிபட்ட குழந்தைகளையும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மனம் கனத்துப்போகும். தாங்கள் பழகிய பெரியவர் ஒருவர் இறந்துபோன செய்தி ஒரு வாட்ஸ்அப் வரியாக வந்து சேர்ந்தால், அந்த மாணவர் அதோடு நின்றுவிடலாம். ஆர்வம் குறைந்ததாக நாம் குறித்துக்கொள்வோம், உள்ளே இருப்பது துக்கம். அப்படிப்பட்ட நேரத்தில் பொறுப்பாளர் நேரில் போய்ப் பேச வேண்டும், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போக வேண்டும், வேறு வேலைக்கு மாற்றிக் கொடுக்கவும் வேண்டும்.

மூன்றாவது படி என்று சொன்னேனே, 'நான் தொண்டு செய்கிற ஆள்' என்ற எண்ணம். இரத்த தானம் செய்கிறவர்களைப் பற்றி பிலியாவின், கலேரோ இருவரும் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. தொடக்கத்தில் மற்றவர்கள் சொல்வதும் சூழ்நிலையும் ஒருவரைக் கொடுக்கவைக்கின்றன. திரும்பத் திரும்பக் கொடுத்த பிறகு, இரத்தம் கொடுப்பவன் நான் என்பது அவருடைய அடையாளமாகிவிடுகிறது, அதன் பிறகு யாரும் அழைக்க வேண்டியதில்லை. இதில் பாடம், அடையாளம் பேச்சால் வருவதில்லை, ஒரே செயலைப் பலமுறை செய்வதால் வருகிறது என்பது. ஒரு வாரம் மரக்கன்று, அடுத்த வாரம் விழிப்புணர்வுப் பேரணி, அதற்கடுத்து இரத்த தான முகாம் என்று மாற்றிக்கொண்டே போகும் குழுவில் எந்த ஒன்றும் யாருடைய அடையாளமாகவும் ஆவதில்லை. ஆண்டறிக்கைக்கு வேண்டுமானால் அது அழகாக இருக்கும். இரண்டு நிலையான பணிகளை வைத்துக்கொண்டு மீதியைக் கைவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு எதிராக ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. மாணவர்களின் நேரம் அவர்கள் கையில் இல்லை. செமஸ்டர் தேர்வு, பயிற்சி வேலை, வீட்டுப் பொறுப்பு, சிலருக்குப் பகுதிநேர வேலை. ஆண்டு முழுவதும் வா என்று கேட்டால் நேர்மையான மாணவர் பயந்துவிடுவார், மற்றவர் சரி என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பார். அதனால் மூன்று மாதத்துக்கு வாக்குக் கேளுங்கள். முடிந்ததும், தொடர்கிறாயா, இடைவெளி வேண்டுமா, போதுமா என்று கேளுங்கள். தேர்வுக்காக ஒதுங்கியவரைக் குழுவிலிருந்து நீக்காமல், தேர்வு முடிந்த வாரமே அவருடைய பழைய வேலையை அவருக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லி அழையுங்கள். நிறையப் பேர் திரும்பி வராததற்குக் காரணம், இத்தனை நாள் வராமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம்தான். சேவை பெறும் பக்கத்துக்கும் இது நல்லது. அக்கா மூன்று மாதம் வருவார் என்று முதலிலேயே தெரிந்த பிள்ளைக்கு விடைபெறுதல் ஒரு வழக்கம். சொல்லாமல் நின்றுபோன அக்கா அந்தப் பிள்ளைக்கு ஏமாற்றம். மாணவர்களின் திருப்தியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன், ஆனால் நாம் யாருக்காகப் போகிறோமோ அவர்களுக்குக் கெடுதல் செய்யாமல் இருப்பது அதற்கு முன்னால் வர வேண்டும். இரண்டும் முரண்படும் இடத்தில் நான் மாணவர்களின் பக்கம் நிற்க மாட்டேன்.

நான் சொன்ன ஆய்வுகளுக்கு எல்லைகள் உண்டு. பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. பலவற்றில், இனிமேலும் செய்வீர்களா என்று கேட்டுப் பெற்ற பதில்தான் அளவு, உண்மையில் செய்தார்களா என்பது அளக்கப்படவில்லை. கேட்டதற்குச் சொல்லும் பதிலுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியைத்தான் உங்கள் படிவத்திலேயே நீங்கள் பார்க்கிறீர்கள். வேறு வயதினரிடம் கண்டதை மாணவர்களுக்குப் பொருத்தும்போது இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் எப்படியும் போய்விடுவார்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வேலையாக, விலகிய ஐம்பது பேரில் ஒரு பத்துப் பேரிடம் பேசுவேன். நீங்கள் பேச வேண்டாம், ஆசிரியரிடம் மரியாதைக்குப் பொய் சொல்வார்கள். அவர்கள் வயதை ஒட்டிய, குழுவில் இல்லாத ஒருவர் பேசட்டும். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் நேரமில்லை என்ற பதில்தான் வரும். "கடைசியாக வந்த நாளில் என்ன செய்தாய்? அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது என்ன நினைத்தாய்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நின்றுபோன பத்துப் பேருக்கும் இன்னும் நிற்கிற பத்துப் பேருக்கும் கிடைத்த வேலைகளை ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நிற்கிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஏதோ ஒரு தனிப் பொறுப்பு இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி இல்லை என்றால் உங்கள் குழுவின் காரணம் வேறு, என் விளக்கத்தை அந்த அளவுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

உங்கள் குழு என்ன பணி செய்கிறது, வாரந்தோறும் நடக்கும் பணியா, எப்போதாவது நடக்கும் முகாமா, மணிக்கணக்கு கட்டாயம் உண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை. அவற்றையும், விலகியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதினால், வேலையைப் பிரிப்பது பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.